தேசிக்காயில் நின்ற ஜீப்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம். மிச்சமெல்லாம் என் கைவரிசை.

கண்டது இது. என் மருமகன் ஒரு வான் எடுத்திருந்தான். பூசை வைக்க அளவெட்டியில் ஒரு பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம். எங்கள் பக்கத்தில் சைக்கிளோ வானோ, சில்லுள்ள எதை வாங்கினாலும் முதலில் கோயில் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு சில்லின் கீழும் ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, வைத்து, அதை நசித்துக்கொண்டு ஓடினால்தான் மனம் ஆறும். வானுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால், வரிசை தப்பாமல், பிளைவூட்டில் செய்த ஒரு சிவப்பு ஜீப். கடையில் வாங்கியதல்ல, வீட்டில் செய்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. உள்ளே பட்டுப்பாவாடையோடு ஒரு சிறுமி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி.

ஐயர் அதற்கும் கற்பூரம் காட்டினார். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார்கள். வான் நசித்தது, மோட்டார் சைக்கிள் நசித்தது. ஜீப் தேசிக்காயில் முட்டி, கொஞ்சம் முனகி, நின்றுவிட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

தகப்பன் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு சின்ன பியூஸை எடுத்தார். எரிந்த பியூஸை மாற்றப்போகிறார், முன்யோசனைக்காரர், என்று நினைத்தேன். மற்றக் கையை, திறக்கப்போகிறவர்போல, ஜீப்பின் சீற்றுப் பலகை விளிம்பில் வைத்தார். திறக்கவில்லை. பியூஸைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளையை இறக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போனார். வீதியோரம் வெளிர்நிறச் சீலையோடு நின்ற ஒரு பெண் அவர்களோடு சேர்ந்து நடந்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை அவருடைய கை அந்த வெறும் சீற்றின் மேலேயே இருந்தது.

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. கையில் பியூஸ் இருந்தும் அந்த மனிசன் ஏன் திறக்கவில்லை? அந்தப் பெண்ணின் கை ஏன் சீற்றில் இருந்தது? மருமகனின் புது வானில் இருந்துகொண்டு, வானைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல், இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவனுக்கு என்மேல் இன்னும் கோபம்.

2

தொடக்கங்கள்.

“அருட்செல்வன் ஒரு நல்ல தகப்பன்.” வெட்டிவிட்டேன். நல்லவன் என்று தொடங்கினால் நீங்கள் உடனே கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனுடைய கெட்டதைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள்.

“விடியற்காலை, முற்றத்து மாமரத்தின் கீழே, புதுப் பலகையின் நறுமணம்—” அடக் கடவுளே. பிளைவூட்டுக்கு ஏது நறுமணம்? பசை நாற்றம்தான்.

“ஜீப்பைச் செய்தது அருட்செல்வன் இல்லை, அவனுடைய ரோசம்.” இது நிற்கட்டும்.

(கோயிலில் கண்டபோது ‘அவர்’ என்றேன், இப்போது ‘அவன்’ என்கிறேன். மரியாதைக் குறைவாக எண்ணவேண்டாம். வெட்கப்படுகிற மனிசனை ‘அவர்’ என்று எழுதினால் எட்டவே நிற்கிறான். எனக்கு அவன் கிட்ட வேண்டும்.)

பெயரும் நான் வைத்ததுதான். சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையில் வேலை கொடுத்தேன். மனைவி துஷாந்தினி, மகள் யதுஷா. பக்கத்து ஒழுங்கையில் ஒன்றுவிட்ட தமையன் வீடு. அந்த வீட்டுக்குச் சுவிசிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் ஜீப் வந்து இறங்கியது. யதுஷா போய் அதன் கதவைத் தொட்டாள்.

“பற்றறி இறங்கீடும் பிள்ளை. பேந்து ஏறலாம்” என்றாள் வீட்டுக்காரி.

யதுஷா அந்தப் ‘பிறகு’ வரும் என்று பின்னேரம் முழுக்க அந்த வீட்டு வாசற்படியில் குந்தியிருந்துவிட்டு வந்தாள். அழவில்லை. சாப்பிடும்போது கேட்டாள்.

“அப்பா, பேந்து எண்டால் எப்ப?”

அருட்செல்வன் பிசைந்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தான். “நான் செய்து தாறன்” என்றான். அவன் ஒரு கதிரைகூடச் செய்தது கிடையாது.

3

செய்தான். அதுதான் அதிசயம்.

பழைய அலுமாரி ஒன்றின் முதுகுப் பலகையும், ஹாட்வெயாரில் வாங்கிய ஒரு பிளைவூட்டும். சில்லுகளுக்கு வட்டமாக வெட்டிய பலகையை இரட்டையாக ஒட்டி, சுற்றிவரச் சைக்கிள் ரியூப்பை ஆணியால் அறைந்தான். பழைய வான் ஒன்றின் வைப்பர் மோட்டர். மோட்டார் சைக்கிள் பற்றறி. கால் வைக்கிற பலகைக்கு அடியில் வாசல் மணிக்குப் பூட்டுகிற சுவிட்ச். மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். முதல் நாள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப, ஜீப் வலப்பக்கம் போய்க் கோழிக்கூட்டில் மோதியது. யதுஷா கிணற்றடிவரை கேட்கச் சிரித்தாள்.

“இஞ்சரப்பா, எங்கடை அறைக் கதவு வருசக்கணக்கா ஆடுது. உதுக்கு மட்டும் கை எழும்புது, என்ன?” என்றாள் துஷாந்தினி. சொல்லிவிட்டு அவளே வண்டிக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்தாள். அடித்து முடித்ததும் படமெடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினாள், அந்த ஒன்றுவிட்ட தமையன் வீட்டுக்கு முதலில்.

இந்தப் பகுதியை நீட்டி எழுத எனக்கு ஆசை. பலகை வெட்டுகிறவனை எழுதும்போது நமக்கும் ஏதோ வேலை தெரிந்ததுபோல இருக்கும். ஆனால் சீற்றுக்கு வரவேண்டும். எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

சீற் என்றது ஒரு மூடி. கீல் வைத்த பலகை, மேலே ஸ்பொஞ்சும் துணியும். திறந்தால் உள்ளே பற்றறி, வயர், பியூஸ். பூட்டுக் கீட்டு எதுவும் இல்லை, கையால் தூக்கினால் திறக்கும். மூடியின் உட்பக்கம் வெறும் பிளைவூட். பற்றறிக்கு மேலே வெறும் பலகை இருந்தால் ஈரம் பிடித்து ஊதிவிடும், நீர் புகாத ஏதாவது ஒட்டவேண்டும் என்று அவனுக்குப் பட்டது. நிமிர்ந்து பார்த்தான். பரணில் ஒரு பிளாஸ்ரிக் பதாகை சுருட்டி வைத்திருந்தது.

4

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் அவருடைய முகம் சந்தியில் நிற்கும். கண்ணீர் அஞ்சலி என்று மேலே எழுதி, கீழே சனசமூக நிலையத்தின் பெயரைப் போட்டு, மின்கம்பத்தில் கட்டிவிடுவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியக் கழற்றுவார்கள். கட்டுகிறபோது ஏணியில் ஏறவும், கழற்றுகிறபோது ஏறவும் எங்கேயும் ஒரே ஆள்தான் அகப்படுவான். அளவெட்டியில் அந்த ஆள் அருட்செல்வன். கழற்றின பதாகை கழற்றினவனுக்கு. எழுதாத சட்டம். எத்தனையோ பேருடைய வெங்காயத்தை மழையிலிருந்து காப்பாற்றுவது செத்தவர்களின் முகங்கள்தான். முகம் கீழ்ப்பக்கம் இருக்கும்படி விரிப்பார்கள். அது மரியாதை.

பரணில் இருந்தவர் முத்துக்குமாரு. பின்வளவுக்காரர், வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து, மிச்சக் காசுச் சண்டையிலேயே முகம் இறுகிப்போனவர். அடையாள அட்டையில் முறைப்பார், கலியாணப் படத்திலும் முறைப்பார். யாரோ ஒரு கலியாண வீட்டில், யார் சொன்ன பகிடிக்கோ, வாயைத் திறந்து சிரித்த ஒரே ஒரு படத்தைச் சனசமூக நிலையத்துப் பொடியள் தேடிப்பிடித்து, வெட்டிப் பெருப்பித்துப் பதாகையில் போட்டிருந்தார்கள்.

கட்டுவதற்கு முன் செத்த வீட்டில் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஒரு பக்கத்தை அருட்செல்வன் பிடித்திருந்தான். முத்துக்குமாருவின் மனைவி கமலாவதி எழும்பி வந்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து, படத்தின் நெற்றியில் தன் விரலால் ஒரு பொட்டு வைத்தார்.

“இப்பிடியும் சிரிப்பார் எண்டு ஊருக்குத் தெரியட்டும்” என்றார்.

அதற்குப் பிறகு வந்தது மழையில்லாத காலம். பொட்டு அழியவில்லை. மஞ்சள் கறையாக அங்கேயே ஊறிவிட்டது.

அருட்செல்வன் பதாகையை முற்றத்தில் விரித்தான். ஓரமெல்லாம் காற்றில் கிழிந்திருந்தது, கயிறு அறுத்த ஓட்டைகள். நடுத்துண்டு மட்டும்தான் பழுதில்லை. நடுத்துண்டில் முத்துக்குமாரு அண்ணை சிரித்தார்.

முதற் பிரதியில் நான் எழுதியது: “அவன் வேலை மும்முரத்தில் எந்தப் பக்கம் என்று கவனிக்கவில்லை.” அதை எடுத்துவிட்டேன். கவனியாமல் செய்தவனுக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? கையைத் தட்டிக்கொண்டு போய், தெரியாமல் செய்துபோட்டன் என்று சொல்லிவிடுவான். எனக்கு வெட்கம் வேண்டும். ஆகவே அவன் பார்த்தான். பொட்டையும் பார்த்தான். வெட்டுகிற பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் குந்தியிருந்தான். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஜீப்பையும் பார்த்தான். இன்னும் ஒரே ஒரு துண்டுதான் பாக்கி.

‘உள்ளுக்குத்தானே. ஆர் பாக்கப்போகினம்.’

வெட்டினான். அச்சடித்த பக்கம் வழுவழுப்பு, பசை பிடிக்காது. அதனால் வெள்ளைப் பக்கத்தைப் பலகையோடு ஒட்டினான். மூடியைத் தூக்கினால் முத்துக்குமாரு நேரே பார்த்துச் சிரித்தார். மூடினான்.

5

மூடியதோடு கதை முடிந்திருக்கும், கமலாவதி வராமல் இருந்திருந்தால்.

வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால். அருட்செல்வன் ஜீப்புக்கு இலக்கத் தகடு எழுதிக்கொண்டிருந்தான்.

“தம்பி, உவற்றை பனரைக் கழட்டினது நீர்தானே?”

“ஓமக்கா.”

“அது எங்கை கிடக்கு? வீட்டிலை கொண்டுவந்து வைப்பம் எண்டு பாக்கிறன். சுவரிலை கிடக்கிற படங்களிலை எல்லாம் என்னோடை சண்டைக்கு நிக்கிறார். அதிலை மட்டுந்தான் சிரிக்கிறார்.”

அருட்செல்வனின் கையில் இருந்த தூரிகை எழுத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஜீப் மூன்றடி தூரத்தில் நின்றது. இதோ இருக்கு அக்கா, பிழைதான் செய்துபோட்டன் என்று சொல்ல, எண்ணி ஒரு மூச்சு நேரம் போதும். எண்ணுகிற நேரத்தில் வாய் முந்திக்கொண்டது.

“சனசமூக நிலையத்திலைதான் கிடக்கும். நான் பாத்துச் சொல்லுறன்.”

“பாரும் தம்பி. மற்றப் பொடியளைக் கேக்க ஏலாது. நீர் எண்டபடியால்தான் கேக்கிறன்.”

போய்விட்டார். போகும்போது ஜீப்பைத் தடவி, “வடிவாய்ச் செய்திருக்கிறீர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒரு மனிசனை இப்படி நெருக்கலாமா? கோயில் வாசலில் நான் கண்டவர் பாவம், பிள்ளைக்கு வண்டி செய்து கொடுத்த ஒருவர். அவர் சீற்றைத் திறக்காததற்கு நூறு காரணம் இருந்திருக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் தலையில் இவ்வளவையும் கட்டிவிட்டு நான் விசிறிக்குக் கீழே இருக்கிறேன். இதை நினைக்க எனக்கே கூசுகிறது. ஆனாலும் பாருங்கள், எழுதுவதை நிறுத்தவில்லை.

இன்னும் மோசமானது அதற்கு அடுத்ததுதான். திரும்பினான், யதுஷா ஜீப்பின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, பெரியம்மா தேடுற படம் இஞ்சை கிடக்கு. பெரியப்பா சிரிக்கிறார்.”

ஓடிப்போய் மூடினான்.

“ஒருத்தருக்கும் சொல்லப்படாது. அம்மாவுக்கும் சொல்லப்படாது.”

“ஏன்?”

“சொன்னால் ஜீப்பைக் கொண்டுபோயிடுவினம்.”

பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். யதுஷா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். அதைப் பார்க்க அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதாகையை வெட்டியபோதுகூட அப்படி எரியவில்லை.

6

அவனைக் காப்பாற்ற நான் எடுத்த முயற்சிகளையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் என்னைக் கல்நெஞ்சன் என்பீர்கள்.

முதல் வழி: உரித்தெடுத்தல். துஷாந்தினி சந்தைக்குப் போன நேரம் பிளேட்டால் ஒரு மூலையைக் கிளப்பினான். பசை நல்ல பசை. மூலையோடு சேர்ந்து நிறமும் உரிந்தது. இன்னும் இழுத்தால் கன்னம் வந்துவிடும். கையை எடுத்தான்.

இரண்டாவது வழி: புதிதாக அச்சடித்தல். சுன்னாகத்தில் அந்தப் பதாகையை அச்சடித்த கடைக்குப் போனான், படம் கொம்பியூட்டரில் இருக்கத்தான் செய்தது. கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் காட்டினார்கள். அருட்செல்வன் திரையைப் பார்த்தான். அதே சிரிப்பு, அதே சட்டை. நெற்றி வெறுமையாக இருந்தது. வீட்டில் தானே சந்தனம் குழைத்து ஒரு பொட்டு வைத்து, இதுதான் அக்கா என்று கொண்டுபோய்க் கொடுக்கிற தன்னை ஒரு கணம் கற்பனை செய்து பார்த்தான். “பேந்து வாறன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, சைக்கிள் பூட்டைத் திறக்கத் தெரியாதவன்போல நெடுநேரம் குனிந்து நின்றான்.

(இந்த வழியில் கதை முடிந்திருக்கும். ‘அவர் அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார், கண் கலங்கியது’ என்று ஒரு வரி. பத்திரிகைக்காரர்கள் விரும்பியிருப்பார்கள். அருட்செல்வன்தான் கொடுக்க மறுத்துவிட்டான். அந்த மட்டில் அவன்மேல் எனக்கு மரியாதை.)

மூன்றாவது வழி: போய்ச் சொல்லுதல். ஒவ்வொரு நாளும் காலை முகம் கழுவும்போது முடிவெடுத்தான். ஒவ்வொரு நாளும் வேலிப் பொட்டுவரை போனான். அந்தப் பக்கம் கமலாவதி முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்கும். “என்ன தம்பி, கிடைச்சதோ?” என்பார். “இன்னும் இல்லையக்கா, திறப்பு வச்சிருக்கிறவன் வரேல்லை.” திரும்பிவிடுவான். சொல்லச் சொல்லப் பொய்க்குச் சதை பிடித்தது. இப்போது நிலையம், அதற்கொரு பூட்டு, பூட்டுக்குத் திறப்பு, திறப்புக்காரன் எல்லாமே உண்டு.

7

பூசை வைக்கவேண்டும் என்று நின்றது துஷாந்தினி. “சில்லுப் பூட்டினது எல்லாம் கோயிலுக்குப் போகவேணும். உங்கடை கைவேலையை நாலு பேர் பாக்கட்டுமன்.” அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாலு பேரில் சுவிஸ் ஜீப் வீட்டாரும் உண்டு என்பது மட்டும் தெரியும்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்லுவான்? செத்தவீட்டுப் பதாகை, தீட்டுப் பட்ட துடக்குச் சாமான். அதைச் சீற்றுக்கு அடியில் மறைத்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போகிறான். வழியெல்லாம் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான். போன வாரம் பற்றறிக்கு ஒரு பியூஸ் வாங்கியபோது மேலதிகமாக ஒன்று வாங்கியிருந்தான். அது சட்டைப்பையில் கிடந்தது.

வானுக்குப் பொனற்றைத் திறந்து என்ஜினுக்குப் பொட்டு வைத்த ஐயர், ஜீப்புக்கு வந்ததும் ஸ்டியரிங்கில் வைத்தார், நாலு சில்லிலும் வைத்தார்.

“என்ஜின் எங்கை? சீற்றுக்குக் கீழையோ? திறவுங்கோ, அதுக்கும் வைப்பம்.”

“பூட்டிக் கிடக்கு ஐயா. திறப்பு வீட்டை.”

யதுஷா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வாயைப் பொத்தவில்லை, பேசவுமில்லை. முன்னால் திரும்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது வீதியில் கமலாவதி நின்றதை அருட்செல்வன் கண்டான். ஆண்டுத் திவசம் முடியாததால் உள்ளே வராமல் வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தது நான் கண்டதுதான். மிதித்தாள், முட்டியது, முனகியது, பியூஸ் போனது. சிரிப்பு எழுந்தது. (அந்தச் சிரிப்பில் என் குரலும் இருக்கிறது, நீக்கமுடியாது.) யதுஷாவின் உதடு பிதுங்கியது. ஒருவர் “சீற்றைத் தூக்கிப் பாருமன் ஐசே, வயர் கழண்டிருக்கும்” என்றார். பைக்குள் கை போனது, பியூஸ் வந்தது, மற்றக் கை சீற்றின் விளிம்புக்குப் போனது. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரத்தில் திருத்திவிடலாம். பிள்ளை தேசிக்காயை நசித்துக்கொண்டு போவாள், சனம் கைதட்டும், சுவிஸ் வீட்டாரின் முகம் போகிற போக்கைத் துஷாந்தினி வருசம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இதற்காகத்தானே அவன் அவ்வளவு நாளும் பலகை அறுத்தது.

தூக்கினால், இத்தனை பேருக்கு நடுவில், சாமிக்கு முன்னால், முத்துக்குமாரு சிரிப்பார்.

“பற்றறி இறங்கீட்டுது” என்றான் அருட்செல்வன்.

அந்த ஒன்றுவிட்ட தமையனின் மனைவி, “நான் அண்டைக்கே சொன்னனான், பற்றறி இறங்கீடும் எண்டு” என்றாள். துஷாந்தினி கேவிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் குனிந்தான், தள்ளினான். குழந்தைகளின் உயரத்துக்குச் செய்த வண்டி அது. தள்ளுகிறவன் பாதி மடிந்துதான் போகவேண்டும். தலை நிமிரத் தேவையில்லாதது அவனுக்கு நல்லதாகப் போயிற்று.

“நானும் வாறன் தம்பி” என்று ஒரு குரல். சீற்றின்மேல் ஒரு கை வந்து இருந்தது.

8

இங்கே எனக்கு ஒரு சிக்கல் வந்தது.

நான் நினைத்த கதையில் கமலாவதிக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே கையை வைத்துக்கொண்டு நடப்பார், அருட்செல்வன் உள்ளுக்குள் வெந்துபோவான், நீங்கள் உச்சுக்கொட்டுவீர்கள். அப்படித்தான் எழுதினேன். திருப்பி வாசித்தபோது அந்தக் கை உறுத்தியது. தள்ளுவதற்கு உதவி செய்கிறவர் பின்பலகையில் அல்லவா கை வைப்பார்? சீற்றில் வைத்துத் தள்ளமுடியாது. நான் கண்ட அந்தப் பெண் தள்ளவேயில்லை. நோயாளியை ஆசுப்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோகும்போது கூடப்போகிறவர் கையை வைத்திருப்பாரே, அப்படி வைத்திருந்தார்.

ஆகவே 6க்கும் 7க்கும் நடுவில் ஒரு காட்சி எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. இப்போது எழுதுகிறேன்.

காலை. அருட்செல்வன் கடைக்குப் போய்விட்டான். வேலிப் பொட்டால் யதுஷா எட்டிப் பார்க்கிறாள்.

“பெரியம்மா, ஒருத்தருக்கும் சொல்லப்படாது. எங்கடை ஜீப்புக்கை பெரியப்பா இருக்கிறார்.”

விளக்குமாறு நிற்கிறது.

“சிரிக்கிறாரோ?”

“ஓம். பொட்டும் கிடக்கு. நான் ஒவ்வொரு நாளும் துடைக்கிறனான், பொட்டைத் தொடாமல்.”

கமலாவதி விளக்குமாற்றை வேலியில் சாத்தினார். பிறகு, “நல்லது பிள்ளை. விழாமல் ஓடவேணும், என்ன?” என்றார். அவ்வளவுதான். அன்று பின்னேரமும் வேலியடியில், “என்ன தம்பி, கிடைச்சதோ?” என்று கேட்டார். “இன்னும் இல்லையக்கா” என்று அவன் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு முற்றத்தைக் கூட்டினார். அடுத்த நாளும் கேட்டார்.

தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் அவனுக்கு உண்மை சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுத்திருக்கிறார்.

அவருக்குக் கோபமா, துக்கமா, பிள்ளையோடு அந்த மனிசன் ஊர் சுற்றுவதில் ஒரு சின்னச் சந்தோசமா? அதை எழுத எனக்குத் துணிவில்லை. அருட்செல்வனுக்கு அவர் அறிந்தது தெரியாது. எனக்கும் உங்களுக்கும் தெரியும். குனிந்து தள்ளிக்கொண்டு போகிறவனின் முதுகை இப்போது பாருங்கள்.

9

வீட்டு வாசல் படலை வந்தது. தள்ளி உள்ளே விட்டான். துஷாந்தினி பிள்ளையை இறக்கிவிட்டாள். அவளுக்குக் கோபம், ஆனாலும் வந்தவரை நிற்கவைக்கக்கூடாது என்று ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள்.

“இருங்கோ அக்கா, தேத்தண்ணி போடுறன்.”

கமலாவதி இருந்தார். கதிரையை ஜீப்புக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, கையைத் திரும்பவும் சீற்றின்மேல் வைத்தபடி இருந்தார். ஜீப்பில் ஐயர் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. முன்சில்லின் ரியூப்பில், வான் நசித்த தேசிக்காயின் விதை ஒன்று ஒட்டியிருந்தது.

யதுஷா தகப்பனின் சாறத்தைப் பிடித்து— வேட்டியை. கோயிலுக்குப் போனவன் வேட்டிதான் கட்டியிருப்பான். வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, பியூஸ் கிடக்குத்தானே. திருத்துங்கோவன்.”

“பேந்து, பிள்ளை.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்குக் கேட்டது. யதுஷா அழவில்லை. சுவிஸ் ஜீப் வீட்டு வாசற்படியில் அன்று இருந்ததைப்போலவே, இந்த வீட்டு வாசற்படியில் போய்க் குந்தினாள். நாடியில் கையை வைத்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்தாள்.

அருட்செல்வன் நின்றான். முகம் காதுவரை சிவந்து, கழுத்து வேர்த்து, பார்க்க ஒரு இடமில்லாமல் நின்றான். நிலம் பிளந்தால் இறங்கியிருப்பான். பிளக்கவில்லை. பையிலிருந்து பியூஸை எடுத்தான். உள்ளங்கையில் வைத்தான். குந்தினான். சீற்றின் விளிம்பில் மற்றக் கையை வைத்தான்.

இதற்கு நான் எழுதிய முடிவுகள்:

அவன் மூடியைத் தூக்கினான், “அக்கா” என்றான், மேலே—

அவன் கையை எடுத்து, “வயர் வாங்கவேணும் அக்கா, நாளைக்குத்தான்—”

கமலாவதியே எழும்பி மூடியை—

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றாவதை எழுதும்போது கமலாவதி என்னைப் பார்த்து முறைத்தார். அவராகத் திறப்பதென்றால் முதல் நாளே வேலிப் பொட்டால் வந்து திறந்திருப்பாரே. மற்ற இரண்டுக்கும் எனக்கு உரிமை இல்லை. இந்த மனிசன் தலையில் நான் வைத்தது போதும். இனி அவனை உங்களிடம் விடுகிறேன்.

தூக்க வைப்பீர்களோ, விடுவீர்களோ, உங்கள் பாடு. தூக்க வைத்தால் துஷாந்தினி தேத்தண்ணியோடு வரும்வரை பொறுங்கள், அவளும் பார்க்கட்டும். பிள்ளையை உள்ளே அனுப்பவேண்டாம். வாயைப் பொத்தப் பழகினவள், தகப்பன் வாயைத் திறக்கிறதையும் பார்க்கட்டும். தூக்க வேண்டாம் என்று முடிவெடுத்தால், வாசற்படியில் இருக்கிறவள் கட்டாயம் உங்களிடம் கேட்பாள், பேந்து எண்டால் எப்ப என்று. அதற்கு மறுமொழியை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இல்லை.

“ஏன் பேந்து?” என்றார் கமலாவதி. சீற்றின் மேலிருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “இப்பவே பாரும் தம்பி. ஆறுதலாய்ச் செய்யும். நான் இருக்கிறன்.”